ஆனந்தரங்கம் பிள்ளை

ஆனந்தரங்கம் பிள்ளை (மார்ச் 30, 1709 - சனவரி 12, 1761) பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் புதுச்சேரியில் தலைமைத் துபாசியாகப் பணியாற்றியவர், வணிகர். 1736 ஆம் ஆண்டு முதல் 1761 ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, தென்னிந்தியாவின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றுக்கு முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. ஆளுநர் டூப்ளேயின் நம்பிக்கைக்குரியவர் என்ற வகையிலேயே அவர் பெரிதும் அறியப்படுகிறார். கப்பல் வரவு, துணிக் கொள்முதல், நாணயச்சாலை, நிலவரி, அரசியல் செய்தி ஆகியவற்றை நாள்தோறும் திரட்டி ஆளுநருக்கு எடுத்துரைப்பதே அவருடைய பணியின் பெரும்பகுதியாக இருந்தது. ஒரு வணிக நிறுவனத்தின் தலைமைக்குச் செய்தியும் கணக்கும் எவ்வாறு சென்றன, வழியில் எவ்வாறு திரிந்தன என்பதை உள்ளிருந்து காட்டும் ஆவணமாகவும் அவருடைய நாட்குறிப்பு விளங்குகிறது.

பிறப்பும் குடும்பமும்

ஆனந்தரங்கம் பிள்ளை சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகர். திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனரான நைனியப்ப பிள்ளை அக்காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பனியின் தலைமைத் துபாசியாக இருந்தார். அவருடைய அழைப்பின் பேரில் திருவேங்கடம் பிள்ளையின் குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது.

1716 ஆம் ஆண்டில், ஆளுநர் எபேர் காலத்தில், நைனியப்ப பிள்ளை கைது செய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். 1717 இல் அவர் சிறையிலேயே இறந்தார். திருவேங்கடம் பிள்ளையும் இவ்வழக்கில் சிறைப்பட்டார். அப்போது ஆனந்தரங்கருக்கு வயது ஏழு. சாட்சிகளின் வாக்குமூலங்கள் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன என்பதும், அம்மொழி அறியாதவர்களே அவற்றில் கையெழுத்திட்டனர் என்பதும் பின்னர் பிரான்சுக்குச் சென்ற முறையீட்டின் வாதங்களுள் ஒன்றாகும். நைனியப்ப பிள்ளைக்கு எதிரான தீர்ப்பு பிற்பாடு மாற்றப்பட்டது. அவருடைய மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்குச் சென்று கிறித்தவ சமயத்தைத் தழுவி, செவாலியே பட்டம் பெற்றுத் திரும்பித் தலைமைத் துபாசியானார். 1724 இல் இறந்தார். அவருக்குப் பின் அப்பதவி கனகராய முதலியாருக்குச் சென்றது.

எழுத்தில் பதிவாகும் செய்தி எந்த மொழியில், யாருடைய கையால் எழுதப்படுகிறது என்பது ஒருவருடைய உயிரையே தீர்மானிக்கக்கூடும் என்பதற்கு இக்குடும்பமே எடுத்துக்காட்டாக இருந்தது. ஆனந்தரங்கர் தம் குறிப்புகளைத் தமிழில், தம் பொறுப்பில், தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார் என்பதை இப்பின்னணியில் வைத்துப் பார்ப்பது பொருத்தமானது.

வணிகத் தொடக்கம்

1726 இல் திருவேங்கடம் பிள்ளை இறந்த பின், ஆளுநர் லெனுவார் இளைஞரான ஆனந்தரங்கரைக் கம்பனிப் பணியில் ஈடுபடுத்தினார். பரங்கிப்பேட்டையில் கம்பனியின் நீலத்துணி உற்பத்தி சார்ந்த பொறுப்பு அவரிடம் அளிக்கப்பட்டது. லாலாப்பேட்டை, ஆற்காடு ஆகிய இடங்களில் அவர் வணிகக் கிடங்குகளை நிறுவி, ஐரோப்பியச் சரக்குகளை அங்கு விற்று உள்நாட்டுச் சரக்குகளைப் புதுச்சேரிக்குக் கொணர்ந்தார். ஆனந்தப்புரவி என்ற பெயருடைய கப்பலும் அவருக்குச் சொந்தமாக இருந்தது. தமிழுடன் தெலுங்கு, பாரசீகம், போர்த்துக்கீசியம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலும் அவருக்குப் பழக்கம் இருந்தது என்பர்.

செங்கல்பட்டைச் சேர்ந்த மங்கத்தாயி அம்மாளை மணந்தார்.

துபாசியின் பணி

துபாசி என்ற சொல் இரு மொழி அறிந்தவர் என்னும் பொருளுடையது. ஆனால் தலைமைத் துபாசியின் வேலை மொழிபெயர்ப்போடு முடிவதன்று. கம்பனிக்கும் உள்ளூர் வணிகர்களுக்கும் இடையே ஒப்பந்தம் பேசுதல், முன்பணம் பங்கிடுதல், சரக்கு உரிய காலத்தில் வந்து சேர்வதை உறுதிசெய்தல், நவாபுகளின் கடிதங்களுக்கு விடை எழுதுவித்தல், நகரத்து வழக்குகளைக் கவனித்தல் என யாவும் அவர் பொறுப்பில் இருந்தன.

இதில் துணி வணிகமே மையமானது. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்கள் வெள்ளியைக் கொண்டுவந்தன. அவ்வெள்ளி நாணயமாக அடிக்கப்பட்டு வணிகர்களுக்கு முன்பணமாகச் சென்றது. வணிகர்கள் நெசவாளர்களுக்கு அதைப் பிரித்தளித்தனர். சில மாதங்களில் துணி கிடங்குக்கு வரும். மாதிரித் துணியுடன் ஒப்பிட்டுத் தரம் பிரிப்பர். தரம் குறைந்தவற்றை விலை குறைத்து எடுப்பர் அல்லது திருப்பி அனுப்புவர். பின் வெளுத்து, மடித்து, சிப்பம் கட்டிக் கப்பலில் ஏற்றுவர். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் முன் கப்பல்கள் கரையை விட்டு அகல வேண்டும். ஆகவே எத்தனை சிப்பம் ஆயத்தம், எவ்வளவு பாக்கி, எந்த வணிகரிடம் முன்பணம் தங்கியுள்ளது என்ற மூன்று கேள்விகளுக்கு எந்த நாளிலும் விடை சொல்லக்கூடியவரே ஆளுநருக்குத் தேவைப்பட்டார். முன்பணம் பெற்ற வணிகர் நொடித்தாலும் நெசவாளர் ஊர்விட்டுப் போனாலும், அது கம்பனியின் கணக்கேட்டில் தென்படச் சில மாதங்கள் ஆகும். துபாசியின் காதுக்கு அது சில நாட்களில் எட்டிவிடும். ஆளுநர்கள் துபாசியைச் சார்ந்திருந்ததன் அடிப்படைக் காரணம் இந்தக் கால இடைவெளியே ஆகும்.

பாரிசில் இருந்த இயக்குநர்களின் நிலை இதைவிடக் கடினமானது. புதுச்சேரியிலிருந்து கடிதம் சென்றடைய ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் ஆகும். விடை கிடைக்க ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். ஆளுநரும் மேலவையும் எழுதி அனுப்பியதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில் அதிகம் தெரியாது.

1736 இல் ஆளுநர் துமா காலத்தில் புதுச்சேரியில் ரூபாய் அடிக்கும் உரிமையை நவாப் தோஸ்து அலியிடமிருந்து கம்பனி பெற்றது. வெள்ளியை வேறிடத்து நாணயச்சாலைக்கு அனுப்பிக் காத்திருக்கும் தேவை இதனால் நீங்கியது. நாட்குறிப்பு தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

நாட்குறிப்பு

நாட்குறிப்பின் முதல் பதிவு 1736 செப்டம்பர் 6 ஆம் நாளுக்குரியது. தமிழ்க் கணக்கில் நள ஆண்டு ஆவணி 25. பெரிய கணக்கேடுகளில் இக்குறிப்புகள் எழுதப்பட்டன. காதால் கேட்டவை, கண்ணால் கண்டவை, கப்பல்களின் வருகை, அவற்றின் புறப்பாடு, புதுமையான நிகழ்ச்சிகள் ஆகியவற்றை எழுதப் போவதாகத் தொடக்கத்திலேயே அவர் வரையறுத்துக்கொள்கிறார். கேட்டதையும் கண்டதையும் இரு வேறு இனங்களாகக் கொள்ளும் இவ்வரையறை கவனிக்கத்தக்கது. பல பதிவுகளில் ஒரு செய்தி யார் வழியாக வந்தது என்பதும் எழுதப்பட்டுள்ளது. வதந்தியும் வதந்தி என்ற அளவில் இடம்பெறுகிறது.

ஒவ்வொரு பதிவும் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றுடன் ஐரோப்பியத் தேதியையும் கொண்டிருக்கும். கப்பல் வந்தால் அதன் பெயர், தலைவர் பெயர், எங்கிருந்து வந்தது, என்ன சரக்கு, வரவேற்புக்கு எத்தனை பீரங்கி வெடித்தது என்பவை எழுதப்படும். தொடர்ந்து அன்று காலை ஆளுநரைக் கண்டது, அவர் கேட்ட கேள்விகள், தாம் சொன்ன விடை ஆகியவை வரும். சில நாட்களின் பதிவு இரண்டு வரியில் முடியும். சில நாட்களுக்குப் பல பக்கங்கள் நீளும். மொழி அன்றைய பேச்சுத் தமிழை ஒட்டியது. பாரசீக, போர்த்துக்கீசிய, பிரெஞ்சு, தெலுங்குச் சொற்கள் தாராளமாகக் கலந்தது. நிறுத்தக்குறிகள் இல்லை. இன்றைய வாசகர் முதல் சில பக்கங்களில் திணறுவது இயல்பு.

இது நடுநிலையான ஆவணம் என்று கருத இயலாது. ஆளுநர் தம்மைப் பாராட்டிய சொற்களை ஆனந்தரங்கர் விரிவாக எழுதுகிறார். எதிரிகள் பாராட்டப்பட்டதைச் சுருக்கமாகக் கடந்து செல்கிறார். எனினும் பிறர் பார்வைக்காக எழுதப்படாததால், கம்பனியின் அலுவல்முறைக் கடிதங்களில் மறைந்துபோன பலவற்றை இது வெளிப்படுத்துகிறது. இலண்டனின் சாமுவேல் பெப்பீசுடன் அவரை ஒப்பிடுவது வழக்கம். பெப்பீசும் கடற்படை அலுவலகத்தில் கணக்கும் கொள்முதலும் பார்த்தவர் என்பதால் இவ்வொப்புமை பொதுவாக எண்ணப்படுவதைவிட நெருக்கமானது.

டூப்ளே காலம்

டூப்ளே 1742 சனவரியில் புதுச்சேரியின் ஆளுநரானார். 1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்தபின் தலைமைத் துபாசிப் பதவியை ஆனந்தரங்கரே நடத்தி வந்தார். ஆயினும் கிறித்தவர் ஒருவரையே அப்பதவியில் அமர்த்த வேண்டும் என்று சேசு சபையினர் வற்புறுத்தியதால் முறையான நியமனம் தாமதமாகி, 1747 இல்தான் கிடைத்தது. அதே 1746 இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. பதினொரு இலட்சம் வராகன் மீட்புப் பணம் பெற்றுக்கொண்டு நகரைத் திருப்பித் தர லா பூர்தொனே செய்த உடன்பாட்டை டூப்ளே ஏற்கவில்லை. இப்பூசலின் போது ஆளுநர் மாளிகையில் நிலவிய நாள்தோறும் மாறும் மனநிலையை நாட்குறிப்பில் காணலாம்.

டூப்ளேக்குச் செய்தி இரு வழிகளில் வந்தது. ஒன்று துபாசி வழி. மற்றொன்று அவருடைய மனைவி ழான் வழி. புதுச்சேரியிலேயே பிறந்த அவ்வம்மையாருக்குத் தமிழ் தெரியும். அவருக்கெனத் தனி ஒற்றர்களும் இருந்தனர். ஒரே நிகழ்ச்சி குறித்து இரு முரண்பட்ட அறிக்கைகள் ஆளுநர் மேசைக்கு வருவதும், காலையில் ஒன்றை நம்பியவர் மாலையில் மற்றொன்றை நம்புவதும் நிகழ்ந்தன. அம்மையார் மீது ஆனந்தரங்கருக்கு இருந்த கசப்பு நாட்குறிப்பு முழுவதும் வெளிப்படுகிறது. அவர் தரப்பைச் சொல்லும் இதற்கு இணையான நாட்குறிப்பு இல்லாததால், இக்கசப்பை அப்படியே ஏற்பது சரியாகாது.

1748 இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பொசுகாவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். முதல் மோதல்கள் அரியாங்குப்பத்தில் நடந்தன. முற்றுகையின் போது, சேசு சபைத் தேவாலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆளுநரிடம் செல்வாக்கு மிக்கவர் என்று ஊரார் நம்பிய ஆனந்தரங்கரால் அதைத் தடுக்க முடியவில்லை. செய்தி சொல்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை என்பதை நகரம் கண்ட நாள் அது. ஊராரின் கோபத்தையும் தம் இயலாமையையும் அவர் பதிவு செய்துள்ளார்.

1749 இல் ஆம்பூர்ப் போருக்குப் பின் டூப்ளேயின் ஆதரவு பெற்ற சந்தா சாகிபும் முசாபர் சங்கும் மேலோங்கினர். முசாபர் சங்கு ஆனந்தரங்கருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் தகுதியும் விசய ஆனந்தரங்கர் எனத் தொடரும் பட்டமும் அளித்தார்; செங்கல்பட்டுக் கோட்டைக்குத் தலைவராகவும் சாகிர்தாரராகவும் ஆக்கினார். ஆளுநர் மாளிகை முற்றம் வரை மேளதாளத்துடன் பல்லக்கில் செல்லவும், தங்கப்பூண் இட்ட கைத்தடி வைத்திருக்கவும், ஆளுநர் முன் காலணியுடன் நிற்கவும் அவருக்கு உரிமை இருந்தது.

வில்லியனூரும் பாகூரும்

இதே மாற்றத்தின் பயனாக 1749 இல் சந்தா சாகிபிடமிருந்து வில்லியனூர், பாகூர் பகுதிகளின் ஊர்கள் பிரெஞ்சுக் கம்பனிக்குக் கிடைத்தன. அதுவரை கம்பனி முதன்மையாகக் கடலையும் கிடங்கையும் பார்த்த நிறுவனம். இப்போது ஏரி, வாய்க்கால், நஞ்சை, புஞ்சை ஆகியவற்றின் கணக்கையும் பார்க்க வேண்டியதாயிற்று. இன்று இவ்வூர்கள் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்களில் அடங்குகின்றன.

துணியைப் போல நெல்லைக் கிடங்கில் எண்ண இயலாது. களத்தில் அளக்கப்படும் நெல் ஊர்க் கணக்கர் ஓலையில் கலமும் மரக்காலுமாக ஏறும். அமானி முறையில் விளைச்சலைப் பங்கிட்டு அரசுப் பங்கை நேரே பெறுவர். குத்தகை முறையில் ஒருவர் முழுப்பகுதிக்கும் ஒரு தொகை ஒப்புக்கொண்டு, வசூலைத் தாமே பார்த்துக்கொள்வார். குத்தகைதாரர் கலத்தை அன்றைய விலையில் வராகனாக மாற்றிக் காட்டுவார். கம்பனி அதை ரூபாயாகவும் பின் பிரெஞ்சு நாணயமான லிவ்ராகவும் எழுதும். வராகன், ரூபாய், பணம் ஆகியவற்றிற்கிடையே மாற்று வீதம் நிலையானதன்று; சென்னைப் பணமும் புதுச்சேரிப் பணமும் மதிப்பில் ஒன்றல்ல. ஆகவே பாகூர் ஏரி நிரம்பாத ஓராண்டின் இழப்பு, ஆளுநரிடம் வரும்போது குத்தகை பாக்கி என்ற ஒற்றைத் தொகையாகத்தான் தெரியும். மழை பொய்த்ததா, குத்தகைதாரர் மறைத்தாரா, படைகள் பயிரை அழித்தனவா என்பது அத்தொகையில் இராது. அத்தகைய கேள்விகளுக்கு விடை தேட, ஊரை அறிந்த ஒருவரை அழைத்துக் கேட்பதைத் தவிர ஆளுநருக்கு வழி இல்லை.

படைகளும் இவ்வூர்கள் வழியாகவே சென்றன. 1752 இல் பாகூர் அருகே நடந்த போரில் ஆங்கிலத் தளபதி லாரன்சு, டூப்ளேயின் உறவினரான கெர்சான் தலைமையிலான பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார். நாட்டு வருவாயை ஈடாக வைத்தே டூப்ளே போர்ச் செலவை நடத்தினார். வருவாய் வரும் என்று எழுதப்பட்ட அளவுக்கு வரவில்லை. இச்செலவுகளும் தோல்விகளும் பாரிசுக்குத் தாமதமாகவும் மென்மையாக்கப்பட்டும் தெரிவிக்கப்பட்டன என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. இயக்குநர்களின் நம்பிக்கை தகர்ந்தபின், 1754 இல் கொதே அனுப்பப்பட்டார். டூப்ளே அக்டோபரில் பிரான்சு திரும்பினார். அவருக்காக நாட்டு வருவாயைப் பார்த்துவந்த பாப்பையா பிள்ளை சிறைப்படுத்தப்பட்டார். தாம் கைப்பொறுப்பில் செலவிட்ட பெருந்தொகையைக் கம்பனி திருப்பித் தர வேண்டும் என்று டூப்ளே தொடுத்த வழக்கு 1763 இல் அவர் இறக்கும் வரை முடியவில்லை.

பதவி இழப்பும் இறுதி ஆண்டுகளும்

1756 இல் ஆனந்தரங்கர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவரை நீக்கியவர் கொதே என்று சில நூல்களில் காணப்படுகிறது. கொதே 1755 தொடக்கத்திலேயே ஊர் திரும்பிவிட்டதால் இது பொருந்தாது. நீக்கம் ஆளுநர் லெரி காலத்தில் நிகழ்ந்தது. உடல்நலக் குறைவும் வருவாய்க் கணக்குப் பூசல்களும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பதவி போனபின்னும் நாட்குறிப்பு நிற்கவில்லை. ஆனால் அதன் தன்மை மாறியது. முன்பு ஆளுநர் அறையில் கேட்டதை எழுதியவர், இப்போது பிறர் வந்து சொல்வதை எழுதினார்.

1758 இல் லாலி வந்தார். 1760 சனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு சூலையில், ஐதர் அலி அனுப்பிய உதவிப்படை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், அயர் கூட் வில்லியனூர்க் கோட்டையைக் கைப்பற்றினார். புதுச்சேரிக்கு உணவு வரும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. நகரில் பஞ்சம் முற்றியபோது, அங்கிருந்த இந்தியர் பலரை லாலி வெளியேற்றினார். இறுதி மாதங்களின் பதிவுகள் குட்டையானவை. உணவு, பீரங்கி, யார் போனார் என்பவையே அவற்றில் உள்ளன. ஆனந்தரங்கம் பிள்ளை 1761 சனவரி 12 ஆம் நாள் இறந்தார். நான்கு நாட்களுக்குப் பின், சனவரி 16 இல் புதுச்சேரி சரணடைந்தது. வெற்றி பெற்ற ஆங்கிலேயர் நகரின் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்தனர்.

1763 இன் பாரிசு உடன்படிக்கைப்படி புதுச்சேரி 1765 இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. வில்லியனூரும் பாகூரும் புதுச்சேரியைச் சார்ந்த பகுதிகளாக 1783 இன் வெர்சாய் உடன்படிக்கையில் பெயர் சொல்லி இடம்பெற்றன. புதுச்சேரி நிலப்பகுதி இன்றும் இடையிடையே தமிழ்நாட்டு ஊர்கள் கலந்து சிதறிய வடிவில் இருப்பதற்கு அக்கால நிலக்கொடைகள் ஒரு காரணம்.

இலக்கிய ஆதரவு

ஆனந்தரங்கர் புலவர்களை ஆதரித்தார். தமிழில் தியாகராச தேசிகர் பாடிய ஆனந்தரங்கன் கோவை, வடமொழியில் சீனிவாச கவி இயற்றிய ஆனந்தரங்க விசய சம்பு ஆகியவை அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டவை. தெலுங்கிலும் அவர் மீது நூல் உண்டு.

நாட்குறிப்பின் கண்டெடுப்பும் பதிப்பும்

நாட்குறிப்பு குடும்பத்தாரிடமே நெடுங்காலம் இருந்தது. 1846 இல் கல்வா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அலுவலர் அதைக் கண்டறிந்து படியெடுப்பித்தார். அரியேல் எடுப்பித்த படி பாரிசின் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. 1894 இல் சூலியன் வென்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசு படியொன்றைப் பெற்று, 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. முதல் மூன்று தொகுதிகளைப் பிரைசும் இரங்காச்சாரியும், ஏனையவற்றை தாடுவெல்லும் பதிப்பித்தனர். தமிழில் எழுதப்பட்ட நூலின் தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948 இல்தான். ஞானு தியாகு இதில் முன்னின்றார். ஆங்கிலத்தில் முழுமையாக வெளிவந்து இருபது ஆண்டுகள் கழித்தே மூலமொழி வாசகர் அதைக் காணத் தொடங்கினர் என்பது வருந்தத்தக்கது. ஆங்கிலப் பதிப்பை மட்டும் பயன்படுத்துவோர், மூலத்தின் பேச்சு நடையும் அலகுச் சொற்களும் அதில் பெரிதும் சீராக்கப்பட்டுள்ளன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனந்தரங்கருக்குப் பின் அவர் குடும்பத்தினரும் நாட்குறிப்பு எழுதினர். புதுச்சேரியைச் சேர்ந்த இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பும் கிடைத்து அச்சாகியுள்ளது. பிரபஞ்சன் எழுதிய மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய புதினங்கள் ஆனந்தரங்கர் காலத்தை அடிப்படையாகக் கொண்டவை. இவற்றுள் பின்னது 1995 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. ஆனந்தரங்கர் வாழ்ந்த மாளிகை, கீழ்த்தளம் மரத்தூண்களுடன் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்தது. அவர் பெயரால் வழங்கும் ரங்கப்பிள்ளை வீதி பெரிய கடைப் பகுதியை ஒட்டிச் செல்கிறது.